வேர்ட் ஃபைலில் படங்கள் மட்டும் மெதுவாகத் தெரிவது ஏன்? ரேம் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி கேட்டவர் தீசிஸ் எழுதிக்கொண்டிருக்கிறார். ஃபைலைத் திறந்தால் எழுத்து உடனே வந்துவிடுகிறதாம். படம் உள்ள பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் நிற்கிறது, சில நொடி கழித்துப் படம் வருகிறது, மேலே போய்த் திரும்பி வந்தால் மறுபடியும் அதே கதை. லேப்டாப்பில் ரேம் கூட்டலாமா என்று கேட்கிறார்.

ரேமுக்குக் காசு எடுத்து வைக்கும் முன் அந்த ஃபைலின் வயிற்றுக்குள் ஒருமுறை பாருங்கள். நான் பாளையங்கோட்டையில் டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து தீசிஸாவது இந்த நோயோடு கடைக்கு வரும். அதில் உண்மையிலேயே மெஷின் பழசு என்று முடிந்தவை மிகச் சில.

வயிற்றுக்குள் பார்ப்பது எப்படி என்றால், 2007 முதல் வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் இருக்கும் டாக்எக்ஸை அழித்துவிட்டு ஜிப் என்று ஆங்கிலத்தில் போடுங்கள். (அந்தக் கடைசிப் பகுதி தெரியவில்லை என்றால் விண்டோஸ் மறைத்து வைத்திருக்கிறது, ஃபோல்டரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் செய்தால் தெரியும்.) இப்போது திறந்தால் 'வேர்ட்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் 'மீடியா' என்று ஒரு ஃபோல்டர். நீங்கள் சேர்த்த படங்கள் எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். அளவுப்படி அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் திருடன் முதல் ஐந்து பேருக்குள்ளேயே இருப்பான்.

போன வருடம் தாவரவியல் படிக்கும் பெண் ஒருத்தி 380 எம்பி தீசிஸோடு வந்தாள். "அண்ணா, படத்தையெல்லாம் ஏற்கெனவே சின்னதாக்கிட்டேன், அப்பவும் இழுக்குது" என்றாள். மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கியிருந்தாள். எல்லோரும் செய்வது அதுதான். ஆனால் அப்படி இழுக்கும்போது சுருங்குவது படம் தெரியும் சட்டம் மட்டுமே. அவள் ஃபைலில் உள்ளே ஃபோனில் எடுத்த முழுப் படமும் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறை பக்கம் வரும்போதும் வேர்ட் அந்த முழுப் படத்தையும் பிரித்து விரித்து, பிறகு சட்டத்துக்குத் தக்கபடி குறுக்கிக் காட்ட வேண்டும்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். சாதாரண 12 மெகாபிக்சல் ஃபோன் படம் 4000க்கு 3000. மொத்தம் 1.2 கோடி பிக்சல். சுருக்கிய ஜேபெக் வடிவில் டிஸ்க்கில் இருக்கும்போது நாலைந்து எம்பிதான் காட்டும். திரையில் காட்ட விரிக்கும்போது பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி ஆகிவிடும். ஒரு பக்கத்தில் நாலு இலைப் படம் என்றால் 144 எம்பி. அவளுக்குத் தேவையோ மூன்று அங்குல அகலம். வேர்ட் வழக்கமாக வைத்துக்கொள்ளும் அங்குலத்துக்கு 220 பிக்சல் கணக்கில் 660 பிக்சல் போதும். அகலத்தில் ஆறு மடங்கு, உயரத்திலும் ஆறு மடங்கு, அதாவது தேவையைப்போல முப்பத்தாறு மடங்கு சுமை. ரேமைக் கூட்டினால் வண்டி கொஞ்சம் வேகமாகப் போகும், ஆனால் மூட்டை மூட்டையாகத்தான் இருக்கும்.

இன்னொரு மோசமான பேர்வழி பின்னிணைப்பில் ஒளிந்திருந்தது. வினாப்படிவம், அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் யாரோ 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), அதுவும் கலரில் ஸ்கேன் செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு ஏ4 தாளை அப்படி எடுத்தால் கிட்டத்தட்ட 3.5 கோடி பிக்சல், விரித்தால் நூறு எம்பிக்கு மேல். கறுப்பு வெள்ளைக் கடிதத்துக்கு! 200 டிபிஐ, கலர் இல்லாத கிரேஸ்கேல் போதும், கையெழுத்துகூடத் தெளிவாகத் தெரியும்.

சரி, மருந்துக்கு வருவோம். ஏதாவது ஒரு படத்தைக் கிளிக் செய்தால் மேலே 'பிக்சர் ஃபார்மட்' வரும். அதில் 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்'. திறக்கும் சின்னப் பெட்டியில் 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்ற டிக் ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். அதை எடுக்காமல் ஓகே கொடுத்துவிட்டு "செஞ்சேன், ஒண்ணும் மாறல" என்று வருபவர்கள் ஏராளம். அந்த டிக்கை எடுத்தால்தான் ஃபைல் முழுக்கப் பாயும். 'டிலீட் கிராப்டு ஏரியாஸ்' டிக் இருக்கட்டும். அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற அளவு, லேசர் பிரிண்டுக்கு 220 போதும். திரையில் பார்க்க மட்டும் என்றால் 150. மைக்ரோஸ்கோப் படமாக இருந்தால் 330க்குக் கீழே இறங்காதீர்கள், செல் சுவர் எல்லாம் மசமசவென்று ஆகிவிடும். சேமித்து மூடிய பிறகு பழைய தரம் திரும்ப வராது என்பதால் மூல ஃபைலுக்கு ஒரு நகல் பென் டிரைவில் இருக்க வேண்டும்.

கிராப் என்றதும் நினைவு வருகிறது. வேர்டில் ஓரத்தை வெட்டினால் வெட்டிய பகுதி எங்கும் போகாது, உள்ளேயே இருக்கும். ஆதார் நகலில் எண் இருக்கும் பகுதியைக் கிராப் செய்துவிட்டு நிம்மதியாக ஊருக்கெல்லாம் அனுப்பியவரைப் பார்த்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சட்டத்தை இழுத்தால் எண் வந்துவிடும். வேகத்துக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது அந்த டிக் முக்கியம்.

அந்தப் பெண்ணின் ஃபைல் 31 எம்பிக்கு வந்தது. ஆனாலும் நாலாவது அத்தியாயம் மட்டும் இழுத்தது. மீடியா ஃபோல்டரில் பார்த்தால் அங்கே இருந்தவை இஎம்எஃப் வகை வரைபடங்கள், ஒவ்வொன்றும் சில நூறு கேபிதான். அளவைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இந்த வகைப் படத்தில் பொதுவாகப் பிக்சல் கிடையாது. "இங்கே ஒரு புள்ளி வை, அங்கே ஒரு கோடு போடு" என்ற கட்டளைகள் இருக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட வரைபடம் என்றால் பக்கம் வரும்போதெல்லாம் வேர்ட் அத்தனையையும் புதிதாக வரைய வேண்டும். கம்ப்ரஸ் பிக்சர்ஸ் இதைத் தொடாது. அந்த வரைபடத்தை கட் செய்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் பிஎன்ஜி என்ற பிக்சல் படமாக ஒட்டினால் தீர்ந்தது. நாலைந்து கோடுகள் மட்டும் உள்ள எளிய வரைபடத்தை இப்படி மாற்ற வேண்டாம், இஎம்எஃப் பிரிண்டில் அழகாக வரும்.

எக்செல் சார்ட்டும் கவனிக்க வேண்டியது. சில முறைகளில் ஒட்டும்போது சார்ட்டோடு அந்த எக்செல் ஃபைல் முழுதும் உள்ளே வந்துவிடும். பத்து சார்ட் ஒட்டினால் பத்து எக்செல். எண்களை இனி மாற்றப்போவதில்லை என்றால் படமாக ஒட்டுங்கள்.

இதுவரை சொன்னது படம் ஃபைலுக்குள் இருக்கும்போது. மீடியா ஃபோல்டரில் படங்களே குறைவாக இருந்து, பக்கத்தில் மட்டும் நிறையத் தெரிந்தால் கதை வேறு. ஒரு ஆசிரியர் பாடக் குறிப்பைக் கொண்டுவந்தார், வீட்டில் நன்றாகத் திறக்கிறது, கல்லூரியில் திறந்தால் உறைந்து நிற்கிறது என்று. இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்து ஒட்டியிருந்தார். ஒட்டியது படத்தை அல்ல, அதன் முகவரியை. ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் வேர்ட் நெட்டில் போய்ப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் நெட் நொண்டியதால் எல்லாம் நின்றுவிட்டது. ஆபீஸ் நெட்வொர்க்கில் இன்னொரு கணினியில் உள்ள படத்துக்கு லிங்க் கொடுத்திருந்தாலும் இப்படித்தான்.

'ஃபைல்' மெனுவில் 'இன்ஃபோ' போனால், லிங்க் இருந்தால் வலப்பக்கம் 'எடிட் லிங்க்ஸ் டு ஃபைல்ஸ்' என்று ஒரு வரி தெரியும். அதைத் திறந்து, நெட் நன்றாக உள்ள இடத்தில் வைத்து, 'சேவ் பிக்சர் இன் டாக்குமென்ட்' டிக் போட்டு 'பிரேக் லிங்க்' கொடுங்கள். சிலர் எல்லாவற்றையும் செலக்ட் செய்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தச் சொல்வார்கள். லிங்க் போகும்தான். கூடவே உங்கள் பொருளடக்கம், குறுக்குக் குறிப்புகள் எல்லாம் செத்த எழுத்தாகிவிடும், பக்க எண் மாறினாலும் அவை மாறாது. நானே ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து ஒருவருடைய பொருளடக்கத்தைத் திரும்பக் கட்டியிருக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் செலக்ட் செய்து அழுத்தினால் பரவாயில்லை.

படம்தான் காரணமா என்றே சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை: 'ஃபைல்' மெனுவில் 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' போய் 'ஷோ பிக்சர் பிளேஸ்ஹோல்டர்ஸ்' டிக் போடுங்கள். வரியோடு ஒட்டி நிற்கும் படங்கள் வெறும் கட்டமாகிவிடும். அப்போது ஸ்க்ரோல் பறந்தால் குற்றவாளி படம். அப்போதும் இழுத்தால் நூறு பக்கம் நீளும் அட்டவணையையோ, ஏற்றுக்கொள்ளாமல் குவிந்து கிடக்கும் டிராக் சேஞ்சஸ் என்ற திருத்தப் பதிவுகளையோ பாருங்கள். எழுதி முடிக்கும்வரை அந்த டிக்கை அப்படியே வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு, நல்ல பழக்கம்தான். பிரிண்டுக்கு முன் எடுத்துவிட மறக்கக் கூடாது.

படத்தை மிதக்க விடுவதும் ஒரு தொல்லை. எழுத்து சுற்றி ஓடும்படி வைத்தால், மேலே ஒரு வரி சேர்ந்தாலும் வேர்ட் படத்தையும் எழுத்தையும் மறுபடி அடுக்க வேண்டும். தீசிஸுக்கு 'இன் லைன் வித் டெக்ஸ்ட்' போதும், நடுவில் வைத்துக் கீழே தலைப்புக் கொடுங்கள்.

இனிமேல் சேர்க்கப்போகும் படங்களை வேர்டுக்குள் போகும் முன்பே குறுக்கிவிடுங்கள். இர்ஃபான்வியூ என்ற மென்பொருள் சொந்த உபயோகத்துக்கு இலவசம், ஒரு ஃபோல்டர் படத்தை மொத்தமாக மாற்றும். அகலம் 1400 பிக்சல் வைத்தால், 220 கணக்கில், ஏ4 பக்கத்தில் ஓரம் போக எழுத்து நிற்கும் முழு அகலத்துக்கே போதும்.

இவ்வளவும் செய்து, மீடியா ஃபோல்டரில் பெரிய படமே இல்லை, லிங்க்கும் இல்லை, அப்போதும் படம் திக்கித் திக்கி வருகிறது என்றால் திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவரைப் புதுப்பியுங்கள். உங்கள் வேர்டில் 'டிசேபிள் ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' என்ற டிக் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு ரேம் பற்றிப் பேசலாம். முதலில் மீடியா ஃபோல்டரில் மேலே நிற்கும் ஐந்து ஃபைலின் வகையும் அளவும் என்ன என்று எழுதுங்கள், எதில் கை வைக்கலாம் என்று சொல்கிறேன்.