மகள் எந்த வாசல் வழியாகச் சேருகிறாள்?

கேள்வி: பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்பில் கூலி வேலை பார்க்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். இன்ஜினீயரிங் சேர ஆசைப்படுகிறாள். ஒரு தனியார் கல்லூரி ஆள் வீட்டுக்கே வந்து, 20,000 ரூபாய் முன்பணமும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்தால் சீட் உறுதி, முதல் பட்டதாரி சலுகையும் வாங்கித் தருகிறோம் என்கிறார். நகையை அடகு வைத்துக் கட்டலாமா? மூத்தவன் ஐடிஐ படித்தவன்.

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு என்றாலும், மதிப்பெண் தரவரிசைப்படி அரசு நடத்தும் கவுன்சலிங் வழியாக வந்தவர் கட்டுவது ஒரு தொகை, கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவர் கட்டுவது வேறு தொகை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரி சலுகை கவுன்சலிங்கில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். அதை அந்த ஆள் வாங்கித் தர முடியாது.

உங்கள் மகளுக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இன்ஜினீயரிங்கில் 7.5 சதவீத இடங்கள் 2021 முதல் தனியாக ஒதுக்கப்படுகின்றன. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு. அங்கே கிடைக்காமல் பொதுத் தரவரிசையில் தனியார் கல்லூரி கிடைத்தால், அப்போது முதல் பட்டதாரி சலுகையில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். ஐடிஐ பட்டம் ஆகாது, மூத்தவனால் தடையில்லை. பண்ருட்டியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது, விருப்பப் பட்டியலில் அதை விட்டுவிடாதீர்கள்.

முதல் பட்டதாரிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். பலர் மாட்டிக்கொள்வது பெயரில்தான். ரேஷன் கார்டில் 'செல்வி', டிசியில் 'தமிழ்ச்செல்வி' என்று இருந்தால் மனு திரும்பி வரும், அப்புறம் தாலுகா ஆபீசுக்கு அலைச்சல். வருமானச் சான்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அந்த ஆள் மறுபடி வந்தால் மோர் கொடுத்து அனுப்புங்கள், சான்றிதழைக் கொடுக்காதீர்கள். ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ள எந்தக் கல்லூரிக்கும் உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்ததும், அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உதவும் புதுமைப் பெண் திட்டத்துக்கு அங்கேயே எழுதிக் கொடுக்கலாம். மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் குறைந்தால் கல்விக் கடன். 4 லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். ஆனால் கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது அந்தப் படிப்புக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும். அதைக் கல்லூரிகளைத் தேர்வு செய்யும்போதே பார்த்துவிடுங்கள். சேர்ந்த பிறகு தெரிந்தால் வட்டி உங்கள் தலையில்தான்.