அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து (அமெரிக்கன் ஃபுட்பால்) வீரர்களுக்கு இப்போது பணம் எப்படி வருகிறது?

இரண்டு வழிகளில். 2021 ஜூலை முதல், தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரம், கையொப்ப நிகழ்ச்சி என்று வீரரே சம்பாதிக்கலாம். அடுத்தது, கல்லூரி விளையாட்டு அமைப்பின் மீது வீரர்கள் தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றதால் திறந்த வழி: பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தரலாம். 2025-26க்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். ஒரு கல்லூரியின் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத்தான் இது. பெரும்பங்கு கால்பந்துக்கே போகிறது.

வெளியார் ஒப்பந்தம் 600 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் இத்தகைய ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் 'என்ஐஎல் கோ' இணையதளத்தில் பதிய வேண்டும். கல்லூரியின் புரவலர் தரும் பணமென்றால், உண்மையான வணிக நோக்கம் உண்டா, தொகை சந்தை மதிப்புக்கு ஒத்துவருகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். வேலையே குறிப்பிடாத ஒப்பந்தங்கள் இங்குதான் சிக்கும்.

பலர் அடிவாங்குவது வரியில். விளம்பர வருமானம் பெரும்பாலும் சுயதொழில் வருமானம். தருபவர் வரி பிடிப்பதில்லை. காலாண்டுதோறும் வீரரே முன்கூட்டிக் கட்ட வேண்டும். அதனால் காசோலை வந்த அன்றே மூன்றில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போடுவது நல்லது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்த வெளிநாட்டு வீரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அமெரிக்க மண்ணில் விளம்பரத்துக்கு நடித்தால் அனுமதியில்லாத வேலையாகி, விசாத் தகுதியே போகலாம். கையெழுத்துக்கு முன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.