பக்கத்துக் கடையின் காற்று கெட்டது என்கிறார்களே!

கேள்வி: எனக்கு ஊர் குழித்துறை, வயது 34. கேரளத்துக் கோவளத்தில், காற்று சிலிண்டரோடு கடலில் முங்கும் ஸ்கூபாவில் 'ஓப்பன் வாட்டர்' என்ற முதல்நிலைப் பயிற்சிக்கு ஒரு கடையில் 3,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். வெளியே வந்ததும் பக்கத்துக் கடைக்காரர், "அங்கே சிலிண்டரில் அடைக்கும் காற்று கெட்டது, பயிற்றுநருக்குச் சான்றிதழும் கிடையாது" என்றார். மூன்றாவது கடையில் விசாரித்தால், "இரண்டு பேரும் ஏமாற்றுக்காரர்கள், அவர்கள் தரும் சான்றிதழ் அட்டை அந்தமானில் செல்லாது" என்கிறார்கள். போகவே வேண்டாம் என்கிறாள் மனைவி. யாரை நம்புவது?

பதில்: முதலில் ஒரு வாக்குமூலம். நானும் அந்தக் கடற்கரையில் சில வருடங்கள் பயிற்றுநராக இருந்தவன். எதிர்க் கடையைப் பற்றி யாராவது கேட்டால், "அங்கே காற்றில் எண்ணெய் வாடை அடிக்கும்" என்று சொல்லச் சொல்லியிருந்தார் என் முதலாளி. நானும் சொன்னேன். ஒரு டிசம்பரில் சிலிண்டரில் காற்றை அடைக்கும் எங்கள் கம்ப்ரஸர் பழுதாகி, ஒரு வாரம் முழுக்க அதே எதிர்க் கடையில்தான் எங்கள் சிலிண்டர்களை நிரப்பினோம். காலையில் தலையைச் சொறிந்துகொண்டு அங்கே போய்க் காற்று பிடித்து வருவேன். மாலையில் வாடிக்கையாளரிடம் அதே காற்றைக் குறை சொல்வேன். ஆகவே உங்கள் காதில் விழுந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இந்தச் சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் காலண்டர்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் கடல் கலங்கிவிடும். அக்டோபர் வாக்கில் தெளியத் தொடங்கி ஏப்ரல் வரைதான் தொழில். அந்தச் சில மாதங்களில் ஆண்டு முழுமைக்குமான வாடகை, படகுச் செலவு, விடுதிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் கமிஷன் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். போதாக்குறைக்கு, பக்கத்துக் கடைக்காரர் பல நேரம் பழைய சிஷ்யனாக இருப்பார். ஒரே குடும்பத்துப் பங்காளிகள் மாதிரிதான். நெருக்கம் கூடினால் வாய்ப்பேச்சும் கூடும்.

அதற்காக எல்லாவற்றையும் பொறாமை என்று தள்ளிவிடவும் கூடாது. பொறாமையில் சொன்னவன் உண்மையைச் சொல்லிவிடும் நாளும் உண்டு. குற்றச்சாட்டைக் கேள்வியாக மாற்றி, உங்கள் கடையிலும் கேளுங்கள், குற்றம் சொன்னவர் கடையிலும் கேளுங்கள். காட்டுகிறவர் யார், கோபப்படுகிறவர் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்ஸிஜன் அல்ல, நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான். சுமார் 11 லிட்டர் கொள்ளளவுள்ள அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்துக்கு, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய 200 மடங்குக்கு, அடைத்தால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று கிடைக்கும். அதன் வால்வை லேசாகத் திறந்து, வெள்ளைக் கைக்குட்டையை விரித்து அதன் மேல் காற்றைப் பாயவிடுங்கள். பிறகு முகர்ந்து பாருங்கள். மஞ்சளோ பழுப்போ கறை படிந்தாலோ, இயந்திர எண்ணெய் வாடை வந்தாலோ அந்த சிலிண்டர் வேண்டாம். ஆனால் உண்மையில் ஆளைக் கொல்லக்கூடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கைக்குட்டைக்கு அது அகப்படாது. டீசல் அல்லது பெட்ரோல் எஞ்சினில் ஓடும் கம்ப்ரஸரில், காற்றை உள்ளிழுக்கும் குழாய் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தால் அது உள்ளே போய்விடும். கரையில் சின்னத் தலைவலியோடு போகிற அளவு 18 மீட்டர் ஆழத்தில் ஆபத்தாகலாம். அங்கே அழுத்தம் மேலே இருப்பதைப்போல 2.8 மடங்கு. எனவே கம்ப்ரஸர் எங்கே இருக்கிறது, உறிஞ்சுகுழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேளுங்கள். நல்ல கடையில் ஒரு நோட்டு இருக்கும், அதில் கம்ப்ரஸர் ஓடிய மணிக்கணக்கு இருக்கும்.

சிலிண்டரின் தோள்பட்டையில் எழுத்துகள் பொறித்திருப்பார்கள். உப்பைத் துடைத்துவிட்டு வாசியுங்கள். நீரழுத்தச் சோதனை நடந்த மாதமும் ஆண்டும் அதில் இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை அந்தச் சோதனையும், ஆண்டுக்கு ஒரு முறை உட்புறத்தைப் பார்ப்பதும் இந்தத் தொழிலின் வழக்கம். பிறகு, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து நான்கைந்து முறை மூச்சிழுத்துக்கொண்டே அழுத்தமானியைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். படகிலும் ஒவ்வொரு முறை குதிக்கும் முன் இதைச் செய்யுங்கள். எந்தக் கடைக்காரரும் இதற்குக் கோபப்படக் கூடாது.

பயிற்றுநரின் சான்றிதழைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம். அவருடைய எண்ணைக் கேட்டு வாங்கி, சான்றிதழ் கொடுத்த அமைப்பின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், இந்த ஆண்டு கற்பிக்கும் தகுதி அவருக்கு இருக்கிறதா என்று தெரியும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தகுதி அது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடையில் உங்களிடம் பேசுகிறவர் ஒருவராகவும், தண்ணீருக்குள் உங்களோடு இறங்குகிறவர் வேறொருவராகவும் இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டாமவரின் எண்.

அட்டை அந்தமானில் செல்லாது என்பது பெரும்பாலும் வெற்று மிரட்டல். 1966இல் தொடங்கிய 'பாடி' (PADI), 1970இல் தொடங்கிய எஸ்எஸ்ஐ (SSI) போன்ற, சான்றிதழ் தரும் பெரிய அமைப்புகளின் ஓப்பன் வாட்டர் நிலைக்கு ஐஎஸ்ஓ 24801-2 என்ற பொதுவான சர்வதேசத் தரம் இருக்கிறது. ஒன்றின் அட்டையை மற்றொன்றின் கடை ஏற்றுக்கொள்வது அன்றாடம் நடப்பதுதான். ஆனால் "ஒரே நாளில் ஓப்பன் வாட்டர்" என்று யாராவது சொன்னால் அங்கே நிற்காதீர்கள். அதற்கு வகுப்பு, நீச்சல்குளப் பயிற்சி, கடலில் குறைந்தது நான்கு முங்கல் எல்லாம் வேண்டும். மூன்று நான்கு நாள் ஆகும். ஒரே நாளில் முடிவது அறிமுக முங்கல் மட்டும்தான். அதில் 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது, இந்த அட்டையும் கிடைக்காது.

என்னைக் கேட்டால், கடையை எடைபோட மருத்துவப் படிவம் போதும். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை என்று கேள்விகள் வரும். "எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுங்கள், சும்மா ஒரு சம்பிரதாயம்" என்று பேனாவை நீட்டும் கடை, காற்று எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். "டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்று உங்களைத் திருப்பி அனுப்பும் கடைக்குத் தாராளமாகத் திரும்பிப் போகலாம்.

வெளியாள் சாட்சி வேண்டுமென்றால் கோவளத்தை அடுத்த விழிஞ்ஞம் பக்கம் சிப்பி எடுக்க முங்குகிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். பாறையும் நீரோட்டமும் அவர்களுக்குத் தெரியும். எந்தக் கடையின் படகு ஆட்களை இறக்கிவிட்டு வேறு பக்கம் போய்விடுகிறது என்பதும் தெரியும். உங்கள் படகில் முதலுதவி ஆக்ஸிஜன் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். தமிழர்களைப் பற்றி "அவன் பாண்டிக்காரன், அவனுக்கென்ன கடல் தெரியும்" என்ற பேச்சு அங்கேயும், "மலையாளத்தான் ஏமாற்றிவிடுவான்" என்ற பேச்சு எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் வரும். இரண்டையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் 3,000 ரூபாய். மேலே சொன்னதையெல்லாம் உங்கள் கடை காட்டினால் அங்கேயே சேருங்கள். மறுத்தால் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாட்ஸப்பில் எழுதுங்கள். வாய்ப்பேச்சு சாட்சிக்கு நிற்காது. தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடை கேரளத்தில் இருப்பதால் திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. இன்னொருவரின் சேவையைப் பொய்த் தகவல் சொல்லி இழிவுபடுத்துவதையும் அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் உதவும்.

மனைவியையும் கடைக்கு அழைத்துப் போங்கள், கைக்குட்டையை அவர் பிடிக்கட்டும். ஒன்று மறந்துவிட்டேன். பயிற்சி முடிந்த கையோடு குடும்பத்தோடு பொன்முடிக்கு ஏறலாம் என்று நினைத்திருந்தால் மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். அது ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள மலை. முங்கும்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போவது விமானம் ஏறுவதைப் போலத்தான். பல நாள் முங்கியவர் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இதை நீங்கள் கேட்காமலே எந்தக் கடை சொல்கிறது என்றும் பாருங்கள்.