ஐந்து நாள் விடுமுறையில் ஸ்கூபா: கிளிநொச்சியிலிருந்து எந்தத் தீவுக்குப் போவது?

கிளிநொச்சியில் வேலை பார்க்கும் நீங்கள், பெப்ரவரியில் கிடைக்கும் ஐந்து நாள் விடுமுறையில் ஸ்கூபா டைவிங் செய்வதற்கு மாலைதீவு, அந்தமான், பாலி, தாய்லாந்தின் கோ தாவோ ஆகிய நான்கில் எது பொருத்தம் என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் சிலிண்டர் கட்டி இறங்கிய பழக்கம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நான்குக்குள்தான் விடை வேண்டுமென்றால் மாலைதீவு என்பேன். விடுமுறையை மாற்ற முடியுமென்றால், அதை மே அல்லது ஜூனுக்குத் தள்ளி திருகோணமலைப் பக்கமுள்ள நிலாவெளிக்குப் போய் ஸ்கூபாப் பயிற்சியை முடியுங்கள். மாலைதீவை அதற்கடுத்த பெப்ரவரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நீரின் தெளிவையும் மீன் வகைகளையும் பார்த்துத் தீவைத் தெரிவு செய்வது நீண்ட விடுமுறை உள்ளவர்களுக்குச் சரி. ஐந்து நாளுக்குள் போய்வர வேண்டியவர் முதலில் பார்க்க வேண்டியது திரும்பும் விமானம் எத்தனை மணிக்கு என்பதைத்தான். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்கும்போதும் நம் மீதுள்ள அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அந்த அமுக்கத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரைந்து, மேலே வந்த பிறகும் பல மணி நேரம் எடுத்தே வெளியேறுகிறது. அது முழுதாக வெளியேறுமுன் விமானத்தில் ஏறினால், அங்கே அமுக்கம் தரையிலிருப்பதைவிடக் குறைவு என்பதால், மிஞ்சியிருக்கும் நைதரசன் உடலுக்குள் குமிழியாகிவிடக்கூடும். ஒரே ஒரு முறை இறங்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து இறங்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் பொறுத்தே பறக்க வேண்டும் என்பது பொது வழிகாட்டல். பெரும்பாலான டைவிங் நிலையங்கள் பாதுகாப்புக்காக 24 மணி நேரம் என்றே சொல்கின்றன.

நம் கரையோரத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குபவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்தடுத்து இறங்கி, ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தவருக்குப் பொழுது படும்போது தோள்மூட்டிலும் முழங்கையிலும் குத்து தொடங்கும். சிலருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். எனக்குத் தெரிந்த சுழியோடி ஒருவர் இன்றைக்கும் வலக்கையால் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கும்போது இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்வார். அவர் எந்த விமானத்திலும் ஏறியவரல்லர். கடலடியிலிருந்து அவசரமாக மேலே வந்ததே போதுமாக இருந்தது. ஒரு காலத்தில் மன்னார்க் கடலில் கல்லின் துணையோடு இறங்கி மூச்சடக்கி முத்துக்குளித்தவர்களுக்கு இந்தத் தொல்லை இந்தளவுக்கு இருந்திருக்காது, ஏனென்றால் அவர்கள் ஆழத்தில் காற்றைச் சுவாசிக்கவில்லை.

இனி உங்கள் ஐந்து நாளைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு முந்தைய நாள் மாலையே கிளிநொச்சியில் பஸ்ஸோ ரயிலோ ஏறி, இரவு முழுக்கப் பயணம் செய்து, கட்டுநாயக்காவில் காலை விமானத்தைப் பிடித்தால், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் மாலே விமான நிலையத்தில் இறங்கலாம். வேகப் படகில் ஏறி உங்கள் தீவுக்குப் போய்ச் சேரும்போது முதல் நாள் முடிந்துவிடும். ஐந்தாம் நாள் நண்பகலில் திரும்பும் விமானமென்றால், கடைசியாகக் கடலுக்குள் இருப்பது நான்காம் நாள் நண்பகலுக்கு முன். மிஞ்சுவது இரண்டரை நாள். திறந்த கடலில் 18 மீற்றர் வரை இறங்க அனுமதிக்கும் ஆரம்பச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு வழமையாக மூன்று நான்கு நாள் வேண்டும். பாடப் பகுதியை வீட்டிலேயே இணையவழியாக முடித்துக்கொண்டு போனால் அந்த இரண்டரை நாளுக்குள் அடக்கலாம். ஆனால் முகமூடிக்குள் தண்ணீரை விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகுவதிலும், வாயிலிருந்து விழுந்த சுவாசக் குழாயைத் தேடி எடுக்கப் பழகுவதிலுமே நேரம் போய்விடும். அவ்வளவு பணம் கட்டிப் போய் மணலில் முழந்தாளிட்டுப் பயிற்சி செய்வதை நான் விரும்பமாட்டேன்.

மற்ற மூன்றும் இந்த எண்ணிக்கையில் நிற்கவே மாட்டா. பாலிக்கு இடையில் விமானம் மாற வேண்டும். பெப்ரவரி அங்கே மழைக்காலம். கோ தாவோவில் விமான நிலையமே இல்லை. பாங்கொக்கிலிருந்து சமுயி தீவுக்குப் பறந்தோ, சும்போன் வரை ரயிலில் போயோ, அங்கிருந்து படகு எடுக்க வேண்டும். பயிற்சிக்கு மலிவான இடம் என்ற பெயர் அதற்கு உண்டு, ஆனால் அந்தப் பெயர் இரண்டு வாரம் கையில் வைத்திருப்பவருக்குத்தான் பயன்படும்.

அந்தமானைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் இருப்பவருக்கு அது வரைபடத்தில் தெரிவதைவிடக் கிட்ட. 2019 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துப் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, கொழும்புப் பக்கம் போகாமலே சென்னைக்குப் பறக்க வழி கிடைத்தது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு நேரடி விமானம் உண்டு. 2024இல் அந்த நகரத்தின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். அங்கிருந்து கப்பலில் ஹவ்லொக், அதாவது இப்போதைய சுவராஜ் தீவு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும், பெப்ரவரி நல்ல மாதம். இந்திய விசா, சென்னையில் இணைப்பு விமானத்துக்கான காத்திருப்பு, கப்பல் நேரம் எல்லாம் சேர்ந்தால் எட்டு நாளாவது இல்லாமல் புறப்பட வேண்டாம்.

நிலாவெளியை நான் முன்வைப்பதற்குக் காரணம் செலவு மட்டுமல்ல. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்கு வீதியால் போய் வீதியால் திரும்புகிறீர்கள். விமானம் இல்லை, வழியில் உயரமான மலையும் இல்லை. ஆகவே கடைசி நாள் காலையிலும் இறங்கலாம், ஐந்து நாளில் முழுதாக நான்கு நாள் கடலுக்குள் போகலாம். (திரும்பும் வழியில் நுவரெலியாவையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள், ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்துக்கு உடனே ஏறுவதும் விமானம் ஏறுவதைப் போன்றதே.) கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத் தீவு 2003இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள முருகைக்கற்பாறைகள் ஆழமற்ற நீரில் இருப்பதாலும், கருமுனைச் சுறாக் குட்டிகள் இடுப்பளவு தண்ணீரிலேயே சுற்றித் திரிவதாலும், புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட நல்ல இடம் அருகில் இல்லை. சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். படகு படகாக வந்திறங்கும் கூட்டம் முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது.

ஆனால் நிலாவெளியில் பெப்ரவரியில் எதுவும் நடக்காது. வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை கலங்கிக் கிடக்கும். டைவிங் நிலையங்கள் சித்திரை, வைகாசியில் திறந்து புரட்டாதியோடு மூடிவிடும். விடுமுறையை மாற்றவே முடியாதென்றால் ஹிக்கடுவை அல்லது உனவட்டுனவுக்குப் போங்கள். தெற்குக் கரைக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். நிலாவெளியளவு தெளிவு எப்போதும் கிடைக்காது, என்றாலும் பயிற்சியை ஒழுங்காக முடிக்கலாம்.

சான்றிதழ் கையில் வந்த பிறகு மாலைதீவின் அருமை வேறு. விருந்தினர் விடுதி உள்ள உள்ளூர்த் தீவொன்றில் தங்கினால் தனித்தீவு ஹோட்டல்களின் செலவில் சிறு பங்கே ஆகும். அறை வாடகைக்கு மேல் சேரும் பசுமை வரியையும் சேவைக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கு ஆரி பவளத்தீவுத் தொகுதியிலுள்ள டிகுரா பக்கத்தில் திமிங்கிலச் சுறா ஆண்டு முழுவதும் காணப்படுவதுண்டு, பெரும்பாலும் நீரின் மேற்பரப்பில், சிலிண்டர் இல்லாமலே பார்க்கலாம். பெருந்திருக்கைக் கூட்டத்துக்குப் புகழ்பெற்ற ஹனிபாரு குடாவில் ஸ்கூபாவே தடை. அதன் பருவமும் நம் சோளகக் (தென்மேல் பருவக்காற்று) காலத்தில்தான் வருகிறது. தீவுகளுக்கு இடைப்பட்ட கால்வாய்களில் நீரோட்டம் மிக வலிது என்பதையும், பொழுதுபோக்குச் சுழியோடிகள் 30 மீற்றருக்குக் கீழே இறங்குவது அங்கே சட்டப்படி தடை என்பதையும் மனதில் வையுங்கள். முன்விசா தேவையில்லை, ஆனால் வருகைப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய நான்கு நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுபோகச் சுங்கம் அனுமதிக்காது என்பதால், பையில் எப்போதும் கிடக்கும் பிள்ளையாரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ரமழான் மாதத்தில் உள்ளூர்த் தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை.

எந்த இடத்துக்குப் போனாலும், முற்பணம் கட்டுமுன் மருத்துவ வினாப்படிவத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாசியுங்கள். இழுப்பு (ஆஸ்துமா), காதுச் சத்திரசிகிச்சை, இருதய நோய், வலிப்பு போன்ற எதற்காவது "ஆம்" என்று எழுத வேண்டியிருந்தால் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் உங்களை இறக்கமாட்டார்கள், அந்தக் கையெழுத்தைத் தீவில் போய் நின்று தேட முடியாது. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். நான்குக்கு மேல் சொன்னால் வேறு நிலையம் பாருங்கள்.