ரசிகர் குழு காத்திருக்கட்டும், மாமனாருக்குப் பிரிண்ட் எடுங்கள்

கேள்வி: பெங்களூரில் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். இரவில் தொடர்கதை எழுதுகிறேன். வாசகிகள் எனக்காக வாட்ஸப் குழுவே நடத்துகிறார்கள். அடுத்த அத்தியாயம் எப்போது என்று தினமும் நச்சரிப்பு, நாயகி யாரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு கட்சியாகச் சண்டை வேறு. வீட்டில்தான் என் எழுத்தின் அருமை யாருக்கும் தெரியவில்லை. போனில் எழுத்து தெரியவில்லை என்று மாமனார் பிரிண்ட் கேட்டுக்கொண்டே இருக்கிறார், அதற்குக்கூட நேரமில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதலாமா?

- வாசகி, அல்சூர்

பதில்: விடாதீர்கள். குழுவில் இதயம் போடுகிறவர்கள் உங்கள் வீட்டு வாடகையைக் கட்டப்போவதில்லை.

அது கிடக்கட்டும், மாமனார் விஷயத்துக்கு வாருங்கள். வீட்டில் யாருக்கும் அருமை தெரியவில்லை என்று எழுதிய கையோடு, அவர் பிரிண்ட் கேட்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் மாமனார்கள் மருமகளிடம் லேசில் எதையும் கேட்டுவிட மாட்டார்கள், அவர் வாய்விட்டு, அதுவும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இதைவிட எப்படி அம்மா அருமை தெரிய வேண்டும்? ஸ்டிக்கர் அனுப்பத் தெரியாதவர் என்பதால் அவர் வாசகர் கணக்கில் வரவில்லையா?

அவர் தலைமுறையில் வார இதழ்த் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, ஓவியங்களோடு பைண்ட் செய்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு இரவல் போய்க் கசங்கித் திரும்பும் அந்த பைண்ட் புத்தகங்களைச் சுற்றித்தான் அன்றைய ரசிகர் கூட்டம் இருந்தது. அடுத்த அத்தியாயத்துக்கு ஒரு வாரம் பொறுமையாகக் காத்திருக்கவும் செய்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவதே நீங்கள் நூலகர் என்பதால்தான். சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பீர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது. 1962-ல் உங்கள் ஊரில்தான் அவர் நூலகர்களுக்கான ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1972-ல் அதே ஊரில் காலமானார். அந்த ஊரில், ஒரு நூலகர் வீட்டுக் கூடத்தில், ஒரு வாசகர் புத்தகம் கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் ஒரு மாணவனிடம் நேரமில்லை என்று சொல்லியிருந்தால் முதல்வரிடம் புகார் போயிருக்கும். மாமனார் யாரிடம் போவார்?

இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். எழுத்தளவு 18 வையுங்கள், 16-க்குக் கீழே போக வேண்டாம், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். ஸ்பைரல் போட்டால் மடியில் விரித்து வைத்துப் படிக்கலாம், ஆனால் மொத்தக் கதையையும் ஒன்றாகக் கட்டினால் கனக்கும், பத்துப் பத்து அத்தியாயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கல்லூரி பிரிண்டர் பக்கம் போகாதீர்கள், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் உங்கள் காசைக் கொடுங்கள். அப்படியே கண் டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். எழுத்து தெரியவில்லை என்று ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், காட்டரேக்டா, கண்ணாடி மாற்ற வேண்டுமா என்று யாருக்குமே கேட்கத் தோன்றவில்லை. இந்தத் திட்டில் பாதி உங்கள் கணவருக்கு, படித்துக் காட்டுங்கள்.

குழுவில், இந்த வாரம் அத்தியாயம் வராது என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். நாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதை ஓட்டுக்கு விடாதீர்கள், அது உங்கள் வேலை.

முதல் பத்து அத்தியாயங்களைப் படித்துவிட்டு மாமனார் கதையில் எங்கே குறை சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். ராஜினாமா பேச்சு அப்போதும் மிச்சமிருந்தால் பார்க்கலாம்.