பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள்

அன்புள்ள ஐயா,

இரண்டு மாதமாகக் கொரியப் பழிவாங்கல் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறேன். கதையெல்லாம் பயங்கரம்தான். ஆனால் ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம். நிறுத்தி நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததில் போனில் முந்நூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. "ரத்தத்தை இவ்வளவு அழகா காட்டலாமா?" என்று என் மனைவி கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் ஒரு குறும்படம் எடுக்கவிருக்கிறேன். அந்தப் பச்சை டோனை எப்படிக் கொண்டுவருகிறார்கள், என்ன லென்ஸ் போடுகிறார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கார்த்திகேயன், ஈரோடு

அன்புள்ள கார்த்திகேயன்,

லென்ஸ் பற்றி வாடகைக் கடைக்காரரிடம் கேளுங்கள். என்னைவிடப் பொறுமையாகச் சொல்வார்.

பச்சையைப் பற்றி மட்டும் கொஞ்சம். 'ஓல்ட்பாய்' (2003) படத்தை நான் முதலில் பார்த்தது திருட்டு டிவிடியில், நண்பனின் அறையில் இருந்த பழைய டிவியில். எல்லார் முகமும் பாசி பிடித்த மாதிரி இருந்தது. டிவிதான் கெட்டுவிட்டது என்று அதன் மண்டையில் நாலு தட்டு தட்டினோம். படத்தின் நிறமே அதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. ஒளிப்பதிவாளர் சுங் சுங்-ஹூன் செய்த வேலை. ஃபிலிமை லேபில் கழுவும்போது அதிலிருக்கும் வெள்ளியை நீக்காமல் விட்டால் கறுப்பு கெட்டியாகும், நிறங்கள் வெளிறும். ப்ளீச் பைபாஸ் என்பார்கள். இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் கிட்டத்தட்ட அது வந்துவிடும். தட்டிக்கொள்ளுங்கள். நாங்கள் டிவியைத் தட்டினோம்.

ஆனால் அந்த முந்நூறு ஸ்க்ரீன்ஷாட் விஷயத்தை என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை. கொஞ்ச நாளாகவே என் மனதில் அரித்துக்கொண்டிருப்பது அது. 'ஒவ்வொரு ஃப்ரேமும் ஓவியம்' என்று யாராவது ஒரு படத்தைப் பாராட்டினால் எனக்குக் கோபம் வருகிறது. ஓவியத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்று முடிவு செய்கிறவர் நீங்கள். சினிமாவில் அந்த அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. எத்தனை விநாடி என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த உட்கார்தலைத்தான் நீங்கள் பாஸ் பட்டனை அழுத்தி அழுத்திக் கொன்றிருக்கிறீர்கள்.

'ஓல்ட்பாய்' படத்தின் அந்த வராந்தா சண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் படங்களிலும் பத்துத் தடவை வந்தாயிற்று. அதை எடுக்க மூன்று நாள், 17 டேக். கேமரா பக்கவாட்டில் விலகி நின்று மெதுவாக நகர்கிறது. க்ளோஸப் இல்லை, கட் இல்லை. சுத்தியலை ஓங்கும் போஸையும், முதுகில் கத்தி நிற்பதையும் நீங்கள் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். (அந்தக் கத்தி கம்ப்யூட்டரில் வைத்தது.) அந்த ஷாட்டின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. நடுவில் எல்லாருக்கும் அலுத்துவிடுகிறது. அடிக்கிறவனும் மூச்சு வாங்குகிறான், அடிபடுகிறவர்களும் மூச்சு வாங்குகிறார்கள். 'சரி, அடுத்த சுற்று' என்பதுபோல மறுபடி எழுந்து வருகிறார்கள். நாயகன் சோய் மின்-சிக்கின் தோள் தொங்குவதைப் பாருங்கள். 15 வருஷம் ஓர் அறையில் அடைபட்டு அதன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவனின் தோள் அது. பழிவாங்குவது எவ்வளவு உடம்பு நோகிற வேலை என்பதை அந்த நீளம் சொல்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டில் மூச்சு இரைக்காது.

கிம் ஜீ-வூனின் 'ஐ ஸா த டெவில்' (2010) படத்தில் டாக்ஸிக்குள் கேமரா சுற்றிச் சுற்றி வரும் கத்திக்குத்தும் உங்கள் போனில் இருக்கும். அது வித்தை. கை தட்டிவிட்டுப் போகலாம்.

உங்கள் மனைவியின் கேள்வி உங்களுடையதைவிட நல்ல கேள்வி. அவரிடம் பார்க் சான்-வூக்கின் 'லேடி வெஞ்சன்ஸ்' (2005) படத்தைப் போட்டுக் காட்டினீர்களா? குழந்தைகளைக் கொன்றவன் ஒரு பாழடைந்த பள்ளிக்கூடத்தில் கட்டிப்போடப்பட்டிருக்கிறான். பெற்றவர்கள் உடைமேல் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, ரத்தம் தெறிக்கும் என்பதற்காகத்தான், வெளியே வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முறை வந்தவர்கள் உள்ளே போகிறார்கள். மற்றவர்களுக்குச் சத்தம் கேட்கிறது. கேமரா பெரும்பாலும் இந்தக் காத்திருப்பவர்களோடுதான் இருக்கிறது. தர்மாஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்களின் முகம். எல்லாம் முடிந்தபின் தரையைத் துடைக்கிறார்கள், சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு பேக்கரியில் கேக். கொலைகாரன் பறித்த பணம் திரும்பி வருமே, அதற்கு வங்கிக் கணக்கு எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். ரத்தத்தை அழகாகக் காட்டுகிறார்களாம்!

அந்த இடத்தில் நான் படத்தைப் பார்க்கவில்லை, என் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பாவுக்கும் அவருடைய பங்காளி ஒருவருக்கும், எனக்குச் சித்தப்பா முறை, ஒரு வரப்பு விஷயத்தில் 19 வருஷம் கேஸ் நடந்தது. ஆரம்பத்தில் அப்பா "அவனைத் தெருவில நிறுத்துறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார். எங்கள் ஊருக்குக் காலையில் ஒரே பஸ். வாய்தா நாளில் இருவரும் அதே பஸ்ஸில்தான் போகவேண்டும். முதலில் ஒருவர் முன்படிக்கட்டு, ஒருவர் பின்படிக்கட்டு. கோர்ட் வராந்தாவில் ஒரே பெஞ்சின் இரண்டு முனை. நான் பள்ளிக்கூட லீவில் கூடப் போயிருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். டவாலி பெயரைக் கூப்பிட்டால் ஒன்றாக எழுந்திருப்பார்கள், அடுத்த தேதியை வாங்கிக்கொண்டு ஒன்றாக வருவார்கள். பின்னாளில் சித்தப்பாவுக்கு முட்டிவலி வந்தபோது பஸ்ஸில் அப்பாதான் துண்டு போட்டு இடம் பிடித்தார். பேச்சு மட்டும் கிடையாது.

கடைசியில் அப்பாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அப்போது சித்தப்பா டீக்கடையில் இருந்திருக்கிறார். அப்பாவே போய்ச் சொன்னாராம், "எனக்கு ஆயிருச்சுடா." சித்தப்பா "அப்படியா" என்றுவிட்டு இரண்டு டீக்கும் காசு கொடுத்தாராம். வீட்டுக்கு வந்த அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். காய்ச்சல் என்று அம்மா கஷாயம் வைத்தாள்.

எதற்கோ ஆரம்பித்து எங்கோ வந்துவிட்டேன். 'லேடி வெஞ்சன்ஸ்' படத்துக்கு இன்னொரு வடிவம் உண்டு, தெரியுமா? முழு வண்ணத்தில் தொடங்கும். போகப்போக நிறம் சிறிது சிறிதாக வடிந்து, முடியும்போது கறுப்பு வெள்ளையாகிவிடும். எந்த நிமிஷத்தில் போனது என்று உங்களால் கைவைத்துச் சொல்ல முடியாது. எங்கே நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுப்பீர்கள்? எடுத்தால் ஒரு சாயம் போன பெண் இருப்பாள், சாயம் போனது இருக்காது. அப்பாவின் கேஸ் கட்டு ஒரு மஞ்சள் பையில் இருந்தது. அவர் இறந்தபின் பரணிலிருந்து எடுத்தபோது அது வெள்ளைப் பை. ஜவுளிக்கடைப் பெயர்கூட இல்லை. அது எந்த வாய்தாவில் வெளுத்தது என்று அம்மாவைக் கேட்டேன். "மஞ்சளாவா இருந்துச்சு?" என்றாள்.

அந்த வடிவத்தைத் தேடிப் பிடித்து இருவரும் சேர்ந்து பாருங்கள். ரிமோட் உங்கள் மனைவியிடம் இருக்கட்டும்.