மொங்கோலியாவுக்குப் போகிற பிள்ளைக்கு: சீட்டுக்காசை எடுக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 26. சுன்னாகத்தில் தனியார் கல்வி நிலையம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். மொங்கோலியாவில் ஒரு மாகாணப் பாடசாலையில் பத்து மாதம் தொண்டராகப் படிப்பிக்கத் தெரிவாகியிருக்கிறேன். ஓகஸ்ட் கடைசியில் வரச் சொல்கிறார்கள். நுவரெலியாவைவிடக் குளிரான இடத்துக்கு நான் போனதில்லை. யாழ்ப்பாண நகரில் ஓர் ஏஜென்சிக்காரர் விசா, ரிக்கெற், குளிர் உடுப்பு எல்லாம் சேர்த்து நாலரை இலட்சம் என்கிறார். அம்மா சீட்டை எடுக்க நிற்கிறா. என்னென்ன வாங்க வேண்டும்? குளிரைத் தாங்குவேனா?

பதில்: முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லுங்கள், சீட்டை எடுக்க வேண்டாம் என்று. அந்த ஏஜென்சிக்காரர் உங்களுக்கு மூன்று சாமான் விற்கிறார். விசா, உங்களை அழைத்த பாடசாலை செய்து தர வேண்டியது. ரிக்கெற், கைத்தொலைபேசியில் நீங்களே வாங்கக்கூடியது. குளிர் உடுப்பு, யாழ்ப்பாணத்தில் வாங்கவே கூடாதது.

நான் தாதியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு மொங்கோலியாவில் ஒரு மாகாண ஆஸ்பத்திரியில் தொண்டராக இரண்டு குளிர்காலம் இருந்தவள். அதன் பிறகு, இங்கிருந்து குளிர்நாடுகளுக்குத் தொண்டுக்குப் போகிற பிள்ளைகளோடு இருந்து கதைத்து ஆயத்தப்படுத்தி வருகிறேன். குளிர் தாங்க ஏலாமல் திரும்பி வந்த பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. காசைக் கட்டிவிட்டுப் போகாமலே வீட்டில் நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். ஆகவே குளிருக்கு முன்னர் காசைப் பற்றிக் கதைக்க விடுங்கள்.

கொழும்பில் மொங்கோலியத் தூதரகம் இல்லை. இலங்கையைப் புதுடில்லியில் உள்ள தூதரகந்தான் பார்க்கிறது. ஏஜென்சிக்காரருக்கு இந்த ஒரு விஷயம் போதும். "டெல்லிக்கு ஆள் அனுப்ப வேணும், அங்கே ஒருவரைப் பிடிக்க வேணும்" என்று இலட்சக்கணக்கில் கணக்குக் காட்டுவார். நடப்பது வேறு. உங்களை அழைத்த பாடசாலையோ நிறுவனமோ மொங்கோலியாவின் குடிவரவு அலுவலகத்தில் உங்களுக்காக விண்ணப்பித்து அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதி வந்தால்தான் தூதரகம் விசா தரும். அனுமதி மொங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் பிறக்கிறது. யாழ்ப்பாணத்தில் கடை போட்டிருக்கிற ஒருவருக்கு அதில் ஒரு கை வேலையும் இல்லை.

இன்றைக்கே அந்தப் பாடசாலைக்கு மின்னஞ்சல் எழுதி நான்கு விஷயம் கேளுங்கள். விசா அனுமதியை யார் எடுக்கிறீர்கள்? பயணச் செலவு யாருடையது? எங்கே தங்குவேன், அங்கே சூடு எப்படி வருகிறது? எனக்கு வருத்தம் வந்தால் காப்புறுதி எந்த அளவுக்குத் தாங்கும்? பதில் எழுத்தில் வர வேண்டும். வட்சப்பில் குரல் பதிவாக வந்தால் ஏற்காதீர்கள். உண்மையான இடம் ஒரு கிழமைக்குள் பதில் எழுதும். எழுதாத இடத்துக்குப் போகாதீர்கள், பிள்ளை. ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம் உலகம் முழுவதும் ஆட்களை எடுக்கிறது. அதன் தலைமையகம் ஜேர்மனியின் பொன் நகரில் இருக்கிறது. அவர்கள் எந்தக் கட்டத்திலும் விண்ணப்பதாரரிடம் ஒரு சதம் வாங்குவதில்லை. இருப்பிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் காசு வாங்குகிற தொண்டர் முகாம்களும் உலகத்தில் உண்டுதான். உங்களுடையது அப்படியானதல்ல, அதை விடுவோம்.

அந்த ஏஜென்சிக்காரர் "இது வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த கொம்பனி" என்றால், 1989க்கு அழைத்து அனுமதிப்பத்திர இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள். அது பணியகத்தின் இலக்கம். இலக்கத்தைத் தரத் தயங்குகிற ஆளிடம் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்காதீர்கள், பிரதி எடுக்கவும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு வேலை என்று போய் மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் அகப்பட்ட இலங்கைப் பிள்ளைகளை 2024இல் மீட்டுக் கொண்டுவந்தார்களே, அவர்களும் யாரோ ஒருவரை நம்பித்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டார்கள்.

அடுத்தது பெயர். உங்கள் கடிதத்தில் எனக்கு ஆகப் பெரிய கவலை இதுதான், நீங்கள் இதைக் கேட்கவேயில்லை. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஓரிடத்தில், தகப்பனின் பெயர் வேறோரிடத்தில் இருக்கும். அடையாள அட்டையில் இரண்டும் சேர்ந்து ஒரு நீளப் பெயராக இருக்கும். பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்தும் பெயரும். கல்வி நிலையத்தில் எல்லோரும் கூப்பிடுகிற பெயர் இன்னொன்று. இதற்கு மேல் ஆங்கில எழுத்துக் கூட்டல். ஒரே தர்ஷினியை ஓர் அலுவலகம் ஒரு விதமாகவும் அடுத்த அலுவலகம் இன்னொரு விதமாகவும் எழுதி வைத்திருக்கும். அழைப்புக் கடிதத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அனுமதியில் அந்த எழுத்து மாறும், பிறகு விசாவில் மாறும். விமான நிலையத்தில் ரிக்கெற்றும் கடவுச்சீட்டும் ஒத்துவராமல் நிற்கப் போவது நீங்கள். என்னிடம் வந்த ஒரு பிள்ளை இப்படி ஓர் எழுத்துக்காக ஏழு கிழமை அலைந்தாள். எழுதியவர் பிழைவிட்டார், திருத்துவதற்கு அவளே கால்கடுக்க நிற்க வேண்டியிருந்தது. எந்த மேசையிலும் ஒருவர்கூட "இது எங்கள் பிழை" என்று சொல்லவில்லை. எங்கள் பெயர்கள் எப்படி அமைகின்றன என்று தெரியாத படிவங்களை எங்கள் கையில் தந்துவிட்டு, பிழையாக நிரப்பினோம் என்று எங்களையே பேசுகிற இந்த ஒழுங்கைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

செய்ய வேண்டியது ஒன்றுதான். கடவுச்சீட்டின் படப் பக்கத்தை வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்தை அப்படியே, அதே இடைவெளியோடு பாடசாலைக்கு அனுப்புங்கள். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று கடவுச்சீட்டு எப்படிப் பிரித்திருக்கிறதோ, எல்லாப் படிவத்திலும் அப்படியே பிரியுங்கள். சரியா பிழையா என்று யோசிக்க வேண்டாம். கடவுச்சீட்டில் இருப்பதுதான் இனி உங்கள் பெயர். மொங்கோலியர்களும் எங்களைப்போலத் தகப்பன் பெயரை முன்னால் வைத்து, அதன் முதலெழுத்தைப் போட்டுத்தான் எழுதுவார்கள். முன்னாள் ஜனாதிபதியை ட்ச. எல்பெக்தோர்ஜ் என்றே எழுதுவார்கள், ட்ச என்பது தகப்பனுடையது. அங்குள்ள தலைமையாசிரியருக்கு உங்கள் முதலெழுத்தை விளங்கப்படுத்த வேண்டியிராது. இடையில் உள்ள கணினிகளுக்குத்தான் விளங்காது.

கடவுச்சீட்டுக் காலாவதியாகும் நிலையில் இருந்தால் இப்போதே புதுப்பியுங்கள். 2024இல் பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 செப்தெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகம் திறந்துவிட்டார்கள். எத்தனை வருடம் பிந்தித் திறந்தார்கள் என்று கேட்கத்தான் மனம் வருகிறது, என்றாலும் போய்ப் பயன்படுத்துங்கள். பிறப்புச் சான்றிதழையும் பட்டச் சான்றிதழையும் அத்தாட்சிப்படுத்துகிற வெளிவிவகார அமைச்சின் கொன்சியுலர் பிரிவும் அங்கேயே இருக்கிறது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டுப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, பெயரை இதன்படி எழுதுங்கள் என்று சொல்லுங்கள். பொலிஸ் நற்சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இன்னொரு விஷயம்: மொங்கோலியாவில் இலங்கைத் தூதரகம் இல்லை. அங்கே உங்களுக்கு ஏதாவது நடந்தால் பெய்ஜிங்கில் உள்ள எங்கள் தூதரகந்தான் பொறுப்பு. அந்தத் தொலைபேசி இலக்கத்தைக் காகிதத்தில் எழுதிக் கடவுச்சீட்டு உறைக்குள் வையுங்கள். குளிரில் கைத்தொலைபேசியின் மின்கலம் பத்து நிமிடத்தில் படுத்துவிடும்.

இனிக் குளிர். உலான்பாத்தர் உலகத்திலேயே ஆகக் குளிரான தலைநகரம். ஜனவரி இரவில் மறை 30 பாகைக்குப் போவது சாதாரணம், சில மாகாணங்களில் மறை 40. பயந்துவிடாதீர்கள். அந்தக் குளிர் காய்ந்த குளிர். நுவரெலியாவில் எங்களை நடுங்க வைப்பது பாதி ஈரம். அதோடு, அங்கே கட்டடங்களுக்குள் சூடு உண்டு. நகரங்களிலும் மாகாண மையங்களிலும் செப்தெம்பர் 15 முதல் மே 15 வரை குழாய்களில் சூட்டைத் திறந்துவிடுவார்கள். வகுப்பறையில் மெல்லிய சட்டையோடு நின்று படிப்பிப்பீர்கள். நீங்கள் போகிற ஓகஸ்ட் கடைசியில் பகல் எங்கள் மார்கழி விடியற்காலைபோல இருக்கும். ஒரு சுவெட்டரோடு இறங்கலாம். முதல் சம்பளமோ படிக்காசோ வந்த பிறகு ஆறுதலாக அங்கேயே வாங்க நேரம் இருக்கிறது.

ஏன் இங்கே வாங்கக் கூடாது? எங்கள் கடைகளில் "குளிர் ஜக்கெற்" என்று தொங்குவதெல்லாம் நுவரெலியாவுக்கும் லண்டன் விமான நிலையத்துக்கும் போதும். உள்ளே பருத்தி இருக்கும். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்திருக்கும், ஈரத்தோடு மறை 30க்குள் இறங்கினால் அது உடம்பிலிருந்து சூட்டை உறிஞ்சிவிடும். உடம்போடு ஒட்டுவது கம்பளியாகவோ செயற்கை இழையாகவோ இருக்க வேண்டும். அதன் மேல் தடிப்பான ஒன்று, அதற்கு மேல் காற்றுப் புகாத ஒன்று. கஷ்மீர்க் கம்பளி உற்பத்தியில் மொங்கோலியா உலகத்தில் சீனாவுக்கு அடுத்த இடம். ஒட்டகக் கம்பளி மேஸ் அங்கே சந்தையில் மலிவு. உலான்பாத்தரின் நரந்தூல் சந்தையில் சப்பாத்து, தொப்பி, கையுறை எல்லாம் அந்தக் குளிருக்கென்றே தைத்தவை. உங்களை அழைத்த பாடசாலை ஆசிரியை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், பணப்பையை முன்பக்கம் வையுங்கள், அங்கே கைவரிசைக்காரர் உண்டு. சப்பாத்து ஓர் அளவு பெரிதாக எடுங்கள். இறுகின சப்பாத்து இரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலை உறைய வைக்கும்.

இதற்கு விலக்கு ஒன்றுண்டு. யாழ்ப்பாணத்தில் கனடா மாமி இல்லாத வீடு குறைவு. மாமி பழைய ஜக்கெற் அனுப்புகிறேன் என்றால் ஓம் என்று சொல்லுங்கள். ஆனால் எந்த ஊர் மாமி என்று பாருங்கள். ரொறன்ரோவில் இருப்பவரின் ஜக்கெற் ரொறன்ரோக் குளிருக்கானது, அங்கே சனம் பெரும்பாலும் காரிலும் நிலக்கீழ் ரயிலிலும் திரிகிறது. வினிபெக், எட்மன்ரன் பக்கத்து மாமி என்றால் நல்லது. ஜக்கெற் இடுப்புக்குக் கீழே, தொடை மறைய வர வேண்டும். தலைமூடி சட்டையோடு சேர்ந்திருக்க வேண்டும், அதன் விளிம்பில் மயிர்க்கரை இருந்தால் முகத்துக்குக் காற்று அடிக்காது. சிப் பெரிய பல்லாக இருக்க வேண்டும், கையுறையோடு இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இரண்டு சுவெட்டர் போட்ட பிறகும் கை தூக்க இடம் இருக்க வேண்டும். ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லுங்கள், பொதி அனுப்பி வரி கட்டினால் அந்தக் காசுக்கு அங்கே புதிதே வாங்கலாம். பிளேனில் பெட்டிக்குள் அமுக்காமல் கையில் கொண்டுபோங்கள். மாமியின் சப்பாத்தை மட்டும் எடுக்க வேண்டாம். கனடா நகரச் சப்பாத்து உருகிய பனியின் ஈரத்தைத் தடுக்கச் செய்தது, உங்களுக்குத் தேவை காய்ந்த கடுங்குளிருக்கான தடிப்பு.

மறை 40இல் காற்றும் சேர்ந்தால் மூடாத தோல் பத்து நிமிடத்தில் உறையும். மூக்கு நுனியும் காது மடலும் வெள்ளையாகி உணர்ச்சி கெட்டால் தேய்க்கக் கூடாது, அடுப்பில் காட்டக் கூடாது. உணர்ச்சி இல்லாத தோல் சுடுவதை அறியாது. உள்ளே போய், கை பொறுக்கிற இளஞ்சூட்டு நீரில் நனைத்த துணியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆனால் உறைவதைவிட எனக்குப் பயம் அடுப்புக்கு. மாணவர் வீடுகளுக்குப் போய் வட்டக் கூடாரத்தில், அவர்கள் கேர் என்பதில், இரவு தங்குவீர்கள். நடுவே நிலக்கரி அடுப்பு எரியும். புகைபோக்கி அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் நிறையும், அதற்கு மணமில்லை. தலையிடி, வாந்தி, நித்திரைக் குணம் என்றால் உடனே வெளியே வாருங்கள், எத்தனை பாகை என்றாலும். அந்த வாயுவைக் கண்டுபிடிக்கிற சின்ன எச்சரிக்கைக் கருவி ஒன்று வாங்குங்கள். நாலரை இலட்சத்தில் நான் செலவழிக்கச் சொல்கிற சாமான் அது ஒன்றுதான். விசர்நாய்க்கடிக்கு முன்கூட்டியே தடுப்பூசி போடுவது பற்றி வைத்தியரோடு கதையுங்கள், காய்ச்சாத பால் குடிக்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் குளிர்காலத்தில் உலான்பாத்தர்ப் புகைக்குள் போகவே வேண்டாம்.

சாப்பாடு இறைச்சியும் மாவும் பாலும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் சோயா மீற், வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல் மா கொஞ்சம் கொண்டுபோங்கள். தேத்தண்ணீரில் உப்புப் போட்டுத் தருவார்கள், வலக்கையால் வாங்கிக் குடியுங்கள். நிலைப்படியை மிதிக்கக் கூடாது, அடுப்பு நெருப்பில் குப்பை போடக் கூடாது. இதெல்லாம் உங்கள் அம்மம்மா சொன்னதுதான். தலைக்குத் தேங்காயெண்ணெய் கொண்டுபோனால் போத்தலுக்குள் கல்லாகிவிடும், நல்லெண்ணெய் எடுங்கள்.

தாங்குவேனா என்று கேட்டீர்கள். அங்கே டிசெம்பர் 22ஆம் திகதியிலிருந்து குளிரை ஒன்பது ஒன்பது நாளாக எண்ணுவார்கள், மொத்தம் எண்பத்தொரு நாள். மூன்றாவது ஒன்பதில் மூன்று வயது எருதின் கொம்பு உறையும் என்பார்கள். அது ஜனவரி 9 முதல் 17 வரை, எங்கள் தைப்பொங்கலும் பட்டிப்பொங்கலும் அதற்குள் வரும். இங்கே கொம்புக்கு மஞ்சள் பூசுகிற நாளில் நீங்கள் அங்கே அழுவீர்கள், நானும் அழுதேன். ஐந்தாவது ஒன்பதில் சோறு உறையாது என்பார்கள், அது ஜனவரி 27இல் தொடங்கும். ஊருக்குத் திரும்புவதா என்ற முடிவை அதற்கு முன் எடுக்காதீர்கள். பொங்கலன்று அம்மாவோடு கதைக்க உலான்பாத்தர் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தியது என்பதையும் அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள்.